வனத்தில் வைத்த பேழை

அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில், போர்ட்லண்டு நகரின் தென்மேற்கு எல்லையில், டிரையான் கிரீக் என்னும் ஓடையின் இருகரையிலும் பரந்து கிடக்கும் வனத்திற்கு என் மருமகன் என்னை அழைத்துச் சென்றது உலாவுவதற்கு மட்டுமன்று. பூங்கா அதிகாரிகளின் அனுமதியை முன்கூட்டியே பெற்று, அங்கே ஒரு பெட்டியை மறைத்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகைகளை மட்டும் உலகத்தாருக்கு அறிவிப்பதற்காகவுந்தான்.

ஜியோகேஷிங் என்று வழங்கும் இவ்விளையாட்டு பிறந்ததும் அந்தப் பிராந்தியத்திலேதான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பும் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் 2000 மே 2-ஆம் தேதி நீக்க, அதுவரை சுமார் 100 மீட்டர் வழுவிக்கொண்டிருந்த கணக்கு வெகுவாகச் செம்மைப்பட, மறுநாளே டேவ் உல்மர் என்பவர் பீவர்கிரீக் அருகிலுள்ள காட்டில், புத்தகம், உண்டிவில் முதலியன அடங்கிய வாளி ஒன்றை வைத்து, கண்டெடுப்பவர் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துச் செல்லுமாறு வேண்டிக்கொண்டார். யுத்த காரியத்திற்கென்று விண்ணில் ஏற்றிய சாதனம் இவ்வளவு விரைவில், முகமறியாத ஒருவருக்குச் செய்யும் உபசாரமாக மாறியது எனக்குப் பேரானந்தம் தருகிறது. வழிப்போக்கருக்காகச் சுமைதாங்கிக் கல் நாட்டிய நம் முன்னோர் இதை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

மண்ணைத் தோண்டலாகாது, மோப்பம் பிடித்து விலங்குகள் வருமாதலால் தின்பண்டம் வைக்கலாகாது, மற்றொரு பெட்டிக்கு 161 மீட்டருக்குள் வைக்கலாகாது என்று விதிகள் பல உண்டு. அவற்றையெல்லாம்விட எங்களை அதிகம் யோசிக்க வைத்தது டிரில்லியம் என்னும் மூவிதழ் வெண்புஷ்பமே. விதை முளைத்தது முதல் மலர்வதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் அச்செடி, தேடி வருபவரின் அவசரப் பாதத்தில் அகப்படலாகாது என்பதால், பாதையை விட்டு இறங்காமலே கைக்கு எட்டும் இடமாக வேண்டும் என்று மருமகன் பிடிவாதமாக இருந்தான். அப்பிடிவாதத்தை நான் மனமார மெச்சினேன்.

1880-களில் இரும்பு உருக்கும் உலைக்குக் கரி வேண்டி வெட்டிச் சாய்க்கப்பட்டுப் பின் தழைத்த வனம் அது. அக்காலத்துச் சீடார் விருட்சத்தின் பேரடிக்கட்டை ஒன்று மக்கி முடியாமல் நிற்க, அதன் தலைமீதே இளமரம் ஒன்று வேரூன்றி, கட்டையைத் தழுவி மண்ணைத் தொட்டிருந்தது. அதன் எதிரே, பாதையோரக் கல்லிடுக்கில் பெட்டியைச் செருகினோம்.

"பெட்டி சாதாரணமானதுதானே, அப்பா?" என்றேன்.

"பெட்டிக்காகவா வரப்போகிறார்கள், மாமா? இந்த மரத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும்."

நீர் புகாத மூடியுடைய அப்பெட்டியில் வருகைக் குறிப்பேட்டையும், ஈரத்தில் மை கரையுமாதலால் பென்சில் ஒன்றையும் அவன் வைத்தான். நான் கொண்டுபோன மரப் பம்பரத்தைச் சாட்டையுடன் வைத்தேன். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை வந்து குறிப்பேடு நனைந்திருக்கிறதா என்று பார்த்து மாற்ற வேண்டும் என்றும், வைத்தவனுக்கே அந்தப் பொறுப்பு என்றும் சொல்லிக்கொண்டே அவன் முன்னால் நடந்தான்.