நான்கு மில்லிமீட்டர்

லாட்டரிச் சீட்டு விற்பதை யாரும் கைத்தொழில் என்று சொல்வதில்லை. கண்ணின் துணையில்லாமல் சீட்டு விற்றுக் காசு வாங்கிச் சில்லறை கொடுப்பது கைத்தொழிலேதான் என்பது என் எண்ணம். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, நெடுஞ்சாலையோரம் இருக்கிறது உதியன்குளங்கரை. தமிழ்நாடு 2003இல் லாட்டரிக்குத் தடை போட்டது. கேரள அரசு 1967இல் தொடங்கிய லாட்டரி இன்றுவரை ஓடுகிறது. அதனால் களியக்காவிளை எல்லையைத் தாண்டி வந்து சீட்டு வாங்குகிறவர்களும் இந்தச் சாலையில் உண்டு. கேரளம் எங்கும் பார்வையற்ற பலருக்கு இந்த வியாபாரம்தான் சோறு போடுகிறது. ரூபாய் நோட்டு கைக்கு வந்ததும் அவர்கள் அதை விரலிடுக்கில் கொடுத்து நீளம் பார்க்கிறார்கள். ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் வருடி, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒவ்வொரு மடிப்பு மடித்து, தனித்தனிப் பையில் வைக்கிறார்கள். பேரம் பேசும் வாய் நிற்காமலே இவ்வளவும் நடந்துவிடுகிறது. பழகிய நெசவாளியின் கை நாடாவைத் தள்ளுவதைப் போன்ற வேகம் அது.

இந்தத் திறமையை வீணடித்தது நோட்டின் அளவுதான் என்று நான் சொல்வேன். 1996இல் வந்த மகாத்மா காந்தி வரிசையில் நூறு ரூபாய் 157 மில்லிமீட்டர் நீளம், ஐந்நூறு 167. பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரல் தப்பவிடாது. போதாததற்கு ஐம்பதுக்குச் சதுரம், நூறுக்கு முக்கோணம், ஐந்நூறுக்கு வட்டம் என்று தடவிப் பார்க்கப் புடைப்புக் குறிகளும் இருந்தன. 2016 முதல் வந்த புதிய வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66. நூறுக்கும் இருநூறுக்கும் உள்ள நான்கு மில்லிமீட்டரை, மடங்கிக் கசங்கிய நோட்டில், பேருந்து கிளம்பும் அவசரத்தில் எந்த விரலால் அளப்பது? இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய நூறு ரூபாய் இன்றும் செல்லும். நீளத்தில் அது புதிய ஐந்நூறைவிடப் பெரியது. இருபது ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் எதிரியாகிவிட்டது. புதிய நோட்டுகளின் ஓரத்தில் நூறுக்கு நான்கு கோடுகள், ஐந்நூறுக்கு ஐந்து கோடுகள் புடைப்பாக அச்சிடப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் நோட்டு கைமாறக் கைமாறப் புடைப்பு தேய்ந்துபோகும், நீளம் தேயாது. யூரோவைப் பாருங்கள். ஐந்து முதல் ஐம்பது வரை ஒவ்வொரு நோட்டுக்கும் நீளமும் வேறு, அகலமும் வேறு. செய்ய முடியாத காரியம் இல்லை இது.

கைப்பேசிதான் வந்துவிட்டதே, நோட்டை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' செயலி நோட்டைக் கேமராவில் பார்த்து மதிப்பைச் சொல்லும். கடையில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, கைப்பேசி வழியே வந்த தொகையை உரக்கச் சொல்லும். அந்தப் பெட்டி பார்வையற்ற வியாபாரிக்குப் பெரிய துணை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கையில் சீட்டுக்கட்டு, மறுகையில் கோல் என்று நிற்பவர் ஒவ்வொரு நோட்டையும் கேமராவுக்குக் காட்ட மூன்றாவது கை வேண்டும். பணம் வருவதைக் காதால் அறியச் சொல்லும் அதே பெட்டி, காது கேளாத தையல்காரருக்கு எதற்கு உதவும்? அவருக்குத் திரை போதும். ஆனால் கணக்கில் சிக்கல் என்றால் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைக்கச் சொல்கிறார்களே, அங்கேதான் அவர் நின்றுபோகிறார். கணக்கு தொடங்கக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் செயலிகள் பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்தின. அதைச் சரிசெய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது.

பார்வையற்றவர்களை ஏமாற்றிவிடுவார்கள், பாதுகாப்புக்காகத்தான் துணைக்கு ஆள் கேட்கிறோம் என்பது வங்கி மேசைகளில் கேட்கும் இன்னொரு வாதம். ஏமாற்று நடப்பது நிஜம். 5,000 ரூபாய் வரையான லாட்டரிப் பரிசைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எண்ணைத் திருத்திய சீட்டைக் கொடுத்துப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கள்ள நோட்டு வாங்கி ஏமாந்த பார்வையுள்ள கடைக்காரரிடம் காசோலைப் புத்தகத்தை யாரும் பிடுங்குவதில்லையே. ஒப்பந்தம் செய்யும் சட்டத் தகுதி பார்வையற்றவருக்கு உண்டு, காசோலை, ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையை எழுதிவைத்திருக்கிறது. துணைக்கு வரும் ஆளே ஏமாற்றலாம் என்பதை மட்டும் ஏனோ யாரும் யோசிப்பதில்லை.

சூதாட்டச் சீட்டை விற்று வாழ்வதை உயர்த்திப் பேசலாமா என்று கேட்டால், அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். பார்வையற்றோருக்குப் பள்ளிகள் காலங்காலமாகக் கற்றுக்கொடுத்தது நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது. பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் அந்தப் பிழைப்பு ஒடுங்கியது. விற்காத சீட்டின் நட்டம் விற்பவர் தலையிலேயே விழும் தொழிலுக்கு அவர்கள் ஆசைப்பட்டு வரவில்லை. இதைவிட நல்ல வேலை வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் நிற்பேன். ஆனால் எந்த வேலை கிடைத்தாலும் கூலி இதே நோட்டுகளாகத்தான் கைக்கு வரும், இதே வங்கி மேசைக்குத்தான் போகும். அடுத்த வரிசை நோட்டுக்கு அளவு குறிக்க உட்காருகிறவர்கள், இந்தச் சாலையில் சீட்டு விற்பவர்களின் கையில் மாதிரியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பட்டும்.