அரை மில்லிமீட்டர் ஆண்

கருவேப்பிலங்குறிச்சி வெள்ளாற்றங்கரையில் கரும்புத் தோகையைத் திருப்பிப் பார்த்தால், இடைக்கணுப் புழுவின் முட்டைகள் மெழுகு பூசிய செதில்கள் போல ஒட்டியிருக்கும். நடுவே சில கருத்திருந்தால் எனக்கு மனம் துள்ளும். அவற்றுக்குள் வளர்வது புழு இல்லை, ட்ரைக்கோகிரம்மா குளவி.

தோகையை நறுக்கிக் குழாயில் போட்டுப் பஞ்சடைத்து வைப்பேன். வெளிவந்த குளவிகளை ஆல்கஹாலோடு விருத்தாசலத்துப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினால், அந்த வெள்ளையில் அரை மில்லிமீட்டர் உடம்பும் கண்ணுக்குத் தப்பாது. பாதத்தில் மூன்றே கணு, இறக்கையில் வரிசை பிடித்த மயிர். இவை குடும்பத்தைச் சொல்லிவிடும். இனத்தைச் சொல்லாது. பெண்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பார்கள். உணர்கொம்பில் நீள மயிருள்ள ஆணைத்தான் தேட வேண்டும்.

வெஸ்ட்வுட் 1833-இல் இங்கிலாந்துக் குளவிக்கு வைத்த எவனெசென்ஸ் என்ற பெயரை நம் ஊர்க் குளவிகளுக்கும் ஒட்டிவந்த காலம் உண்டு. பெங்களூரில் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தில் வேலை பார்த்த சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் ஆணின் பிறப்புறுப்பே இனத்தின் அடையாளம் என்று 1971-இல் எழுதினார்கள். என் கைவேலை முழுவதும் அந்தக் கட்டுரையின் மேல் நிற்கிறது.

ஸ்லைடில் ஹோயர் கரைசல் ஒரு சொட்டு. ஈரத் தூரிகையின் ஒற்றை மயிரில் ஆணைத் தொட்டெடுத்து, முதுகு மேலே இருக்கும்படி இறக்குவேன். கவர்ஸ்லிப்பை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து மூட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தி நல்ல ஆண்களை நசுக்கியிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. உடல் தெளிய நாலைந்து நாள். பிறகு நுண்ணோக்கியில் பிறப்புறுப்பின் முக்கோண மேல்தகடும், இரு பக்கமும் புடைத்த மடல்களும் தெரிந்தால் அது கைலோனிஸ், 1941-இல் இஷி பெயரிட்டது.

இவ்வளவு எதற்கு என்று கேட்பவருக்கு, குளவி வளரும் முட்டைகளை ஒட்டிக் கரும்பில் கட்டும் ஒட்டுண்ணி அட்டையைக் காட்டுவேன். கரும்புக்குக் கைலோனிஸ், நெல் தண்டுத் துளைப்பானுக்கு ஜப்பானிகம். பெயர் பிசகினால் அட்டை கட்டியும் புழு கரும்பைக் குடையும்.

இன்று பார்த்த ஏழு ஆண்களில் ஆறு கைலோனிஸ். ஏழாவதில் மடல் குறுகல். சிறுத்த ஆணா, வேறு இனமா? லேபிளில் ஊரையும் தேதியையும் மட்டும் எழுதி, இனத்தின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். விடிந்ததும் அதே வரப்பில் இன்னும் முட்டை பொறுக்க வேண்டும்.