போகும் வரை ஹனூர்

டிசம்பர் 29, 2024

பெங்களூரு வீட்டைக் காலி செய்தாயிற்று. கட்டிலும் பீரோவும் நாத்தனார் வீட்டுக்குப் போயின. வாஷிங் மெஷினை மாடி வீட்டுக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். மிச்சமெல்லாம் அட்டைப் பெட்டிகளாக ஹனூரில் அம்மா வீட்டு முன்னறையில் அடுக்கியிருக்கிறது.

போகப் போவது பப்புவா நியூ கினி, மவுண்ட் ஹேகன் என்ற மலை ஊர். அங்கே மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப்பின் ஹேங்கரில் இவர் விமானப் பராமரிப்பு இன்ஜினியர். ஒர்க் பெர்மிட் வந்தால் விசா, விசா வந்தால் டிக்கெட். அதுவரை நானும் இவரும் பிள்ளைகளும் இங்கேதான். எத்தனை நாள் என்று அம்மா கேட்கவில்லை. அரிசி மட்டும் மூட்டையாக வாங்கிப் போட்டிருக்கிறாள்.

ஜனவரி 2

“மாப்பிள்ளை பைலட்டா?” பால்காரரிலிருந்து பங்குச் சாமி வரை கேட்டாயிற்று. இல்லை, ரிப்பேர் பார்க்கிறவர் என்றதும் எல்லார் முகமும் லேசாக இறங்குகிறது.

ஜனவரி 8

இவர் வேண்டுமென்றே பேசாமல் இருந்தார். மகள் போட்டு உடைத்துவிட்டாள். 1956-இல் இதே நாளில் ஈக்வடார் காட்டில், குராராய் ஆற்று மணல்திட்டில் மஞ்சள் பைப்பர் விமானத்தை இறக்கிய நேட் செயின்ட்டையும் உடனிருந்த நான்கு பேரையும் வாவோரானி மக்கள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். மிஷன் விமானம் என்று யார் பேச்செடுத்தாலும் கடைசியில் இந்தக் கதைக்குத்தான் வருவார்கள்.

மகளுக்குப் பிடித்தது அந்த வாளி. வட்டமடிக்கிற விமானத்திலிருந்து நீளமான கயிற்றில் வாளியைத் தொங்கவிட்டால், வட்டத்தின் நடுவில் அது கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். காட்டுக்குள் பரிசுப் பொருள்களை நேட் அப்படித்தான் இறக்கினார். மொட்டை மாடியில் தூக்குப்போசியைக் கயிற்றில் கட்டிச் சுற்றிப் பார்த்தாள். அது அம்மா காயவைத்த வடகத்தின் மேல் போய் விழுந்தது.

எனக்கு நேட்டைவிட மார்ஜ்தான் மனதில் நிற்கிறார். அவர் மனைவி. ஷெல் மேராவில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தவர். மதியம் பேசியபோது நாலரைக்கு மறுபடி கூப்பிடுகிறேன் என்று கணவர் சொல்லியிருந்தார். நாலரை வந்தது. கூப்பிடவில்லை. புத்தகங்கள் அதற்கப்புறம் தேடுதல் விமானங்கள் பக்கம் போய்விடுகின்றன. நாலே முக்காலுக்கு அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தார்?

இவர் பறக்கிறவர் இல்லை, ஸ்பேனர் பிடிக்கிறவர். இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் இவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட விமானத்தை இன்னொருத்தியின் புருஷன்தானே ஓட்டப் போகிறான். அவள் எந்த மணிக்குக் காத்திருப்பாளோ. ராத்திரி சரியாகத் தூக்கமில்லை.

ஜனவரி 15

பொங்கல் சோறு மிச்சம். அம்மா நல்ல மூடில் இருக்கிறாள்.

அவள் மார்டள்ளியில் பிறந்த கத்தோலிக்கப் பெண். இவர் கோவை சி.எஸ்.ஐ. கல்யாணப் பேச்சின்போது “பதிதர் வீடா?” என்று கேட்டு மூன்று நாள் சாப்பிடாதவள். இப்போது அவளுக்கு இந்தப் பயணத்தைச் சம்மதமாக்கி வைத்தவர் போப் பிரான்சிஸ். போன செப்டம்பரில், 87 வயதில், அவர் பப்புவா நியூ கினிக்குப் போனார். தலைநகரோடு நிற்காமல், ஆஸ்திரேலிய ராணுவ விமானத்தில் மருந்தும் துணியும் ஏற்றிக்கொண்டு வனிமோ என்ற ஒதுக்குப்புற ஊர் வரைக்கும் போய் வந்தார். “பாப்பரசரே போன இடம்” என்று அன்பியக் கூட்டத்தில் சொல்லிக்கொள்கிறாளாம்.

விமான ஊழியத்தில் உங்கள் ஆட்களும் முன்னோடிகள்தான் என்று இவர் பால் ஷுல்ட்டே சாமியாரின் கதையை எடுத்துவிட்டார். நண்பர் ஒருவர் ஆப்பிரிக்காவில் வைத்தியரிடம் போய்ச் சேர முடியாமல் இறந்ததும், மிஷனரிகளுக்கு வண்டியும் விமானமும் வாங்கித் தர 1927-இல் ‘மிவா’ என்ற சங்கத்தைத் தொடங்கிய ஜெர்மன் குருவானவர். 1936-இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில் பூசை வைத்தவரும் அவர்தான்.

“வானத்துலயா? மெழுகுவத்தி ஏத்துனாரா?”

“அத்தை, அது முழுக்க ஹைட்ரஜன்.”

அம்மாவுக்கு ஹைட்ரஜன் புரியவில்லை. மெழுகுவத்தி இல்லாத பூசை மட்டும் உறுத்தலாக இருக்கிறது.

பிப்ரவரி 2

கோவை. இவருடைய சபையில் ஆராதனை முடிந்து பத்து நிமிடம் பேசக் கொடுத்தார்கள்.

இந்த வேலைக்குச் சம்பளம் தலைமையிடத்திலிருந்து வராது. குடும்பத்தைத் தாங்க ஆட்களை நாமே சேர்க்க வேண்டும். மாதம் இவ்வளவு என்று வாக்குக் கொடுப்பவர்கள், ஜெபிப்பவர்கள் என்று ஒரு பட்டியல். பறப்பதைப் பற்றி எனக்குப் பயம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பயம் இந்தப் பட்டியல்தான். பெங்களூரில் நானும் சம்பளம் வாங்கியவள். இனிமேல் என் வீட்டு மளிகை இன்னொருவர் காணிக்கை.

இவர் நன்றாகவே பேசினார். போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மவுண்ட் ஹேகனுக்குச் சாலை கிடையாது, தலைநகருக்குப் போவதென்றாலே விமானம்தான். மலைக்கிராமத்து ஓடுதளங்கள் பலவற்றை மக்களே மண்வெட்டியால் வெட்டிச் சமன் செய்திருக்கிறார்கள். நிறைய இடங்களில் சரிவுதான் ஓடுதளம், மேட்டைப் பார்த்து இறங்கி, பள்ளத்தைப் பார்த்து ஏற வேண்டும். அடுத்த ஸ்லைடில் செஸ்னா கேரவன். ஒற்றை டர்போபிராப் இன்ஜின். பழைய பிஸ்டன் விமானங்களுக்கு வேண்டிய பெட்ரோல் அந்தப் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். இது ஜெட் எரிபொருளில் ஓடும்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். ரயில்வேயில் இருந்தவராம்.

“தம்பி, அந்த ஊரு ஜனங்க பெரும்பாலும் கிறிஸ்தவங்கதானே?”

“ஆமாங்க ஐயா.”

“அப்புறம் எதுக்கு மிஷன்?”

ஹாலில் யாரோ இருமினார்கள். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “போகும்போது தடுப்பூசியும் வாத்தியாரும் போவாங்க. வரும்போது காபிக்கொட்டை மூட்டை வரும். சில நாள் பிரசவம் சிக்கலான பொண்ணு வரும். அந்த ஃபிளைட் கிளம்பணும்னா அதோட ஃபில்டர் சுத்தமா இருக்கணும். நான் அதுக்குப் போறேன்.”

பெரியவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா, கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. வெளியே வரும்போது ஒரு பாட்டி பாட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து என் கையில் திணித்தார். அவர் செருப்பின் வார் ஊக்கு குத்தியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, அதுதான் கோபம்.

பிப்ரவரி 3

அந்த நோட்டை இன்னும் கணக்கில் எழுதவில்லை.

பிப்ரவரி 12

ஒரு அலுவலகத்தில் காலை முழுக்க நின்றேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் மைசூர் மாவட்டம், கொள்ளேகால் தாலுகா. ஆதாரில் சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் தாலுகா. “ஒரே ஊர் எப்படி ரெண்டு மாவட்டத்துல இருக்கும்?” என்று கேட்கிறார் அந்தப் பிள்ளை. 1997-இல் மாவட்டம் பிரிந்தபோது அவர் பிறந்திருப்பாரா என்றே சந்தேகம். அஃபிடவிட் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “எனக்கு எத்தனை அஃபிடவிட் வேணும்னு கேளு. நான் பொறந்தப்ப இது கோயம்புத்தூர் ஜில்லா.”

உண்மைதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை கொள்ளேகால் சென்னை ராஜ்யத்தில், கோவை மாவட்டத்தில் இருந்தது. அன்றைக்கு மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் அதற்கப்புறம் கன்னட வாத்தியார் வந்தாராம். அப்பாயி மட்டும் சாகும் வரை கோயம்புத்தூர் ஜில்லா என்று விலாசம் எழுதிய கார்டு வந்து சேருமா என்று தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

“உங்களுக்கெல்லாம் வருத்தமா இருக்கலையா?”

“ராகி அறுக்கிற நேரம் கண்ணு” என்றாள். கீரைக் காம்புகளை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிப்ரவரி 24

சிவராத்திரிக்கு மாதேஸ்வர மலைக்கு நடந்து போகிறவர்கள் இரவு முழுக்க வாசலைக் கடந்தபடி இருக்கிறார்கள். அம்மா திண்ணையில் நீர்மோர்ப் பானை வைத்திருக்கிறாள், வருஷா வருஷம் வைப்பதுதான். மகன் டம்ளர் கழுவிக் கொடுத்தான். பெர்மிட் பற்றிச் செய்தி இல்லை.

மார்ச் 1

மவுண்ட் ஹேகனில் ராத்திரி குளிருமாம். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்க லொக்கனஹள்ளி வழியாக ஒடெயரபாளையம் திபெத் குடியிருப்புக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, நேற்று அவர்களுக்கு லோசார், புத்தாண்டு. கடை அடைத்திருந்தது. புதுக் கொடிகள் படபடத்தன. குளிர்காலத்தில் ஊர் ஊராக ஸ்வெட்டர் விற்கப் போனவர்கள் எல்லாம் திரும்பியிருந்தார்கள்.

திரும்பிவிடலாம் என்று நிற்கையில் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முறுக்கிப் பொரித்த பிஸ்கட்டும் உப்புப் போட்ட வெண்ணெய் டீயும் கொடுத்தார். என் கன்னடத்தைவிட அவர் கன்னடம் நன்றாக இருக்கிறது. விற்றுத் தீராத சரக்கிலிருந்து இரண்டு ஸ்வெட்டர் எடுத்துக் காட்டினார். லூதியானா சரக்கு. மகனுக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுக்கச் சொன்னார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அந்தத் தேசம் தெரியவில்லை. எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். நான்கு வருஷம், நடுவில் ஒரு தடவை லீவு என்றேன். அவர் சிரித்தார். கேலியில்லை.

“எங்கள் அப்பா பெட்டியைப் பிரிக்கவே விடவில்லை. அடுத்த வருஷம் போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் மக்காச்சோளம் போட்டோம்.”

அவ்வளவுதான் சொன்னார். விலையில் ஐம்பது குறைத்தார். எங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, ரிட்டர்ன் டிக்கெட் இருக்கப் போகிறது. எதையும் எதோடும் ஒப்பிடக் கூடாது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9

ஞாயிறு. பிள்ளைகள் மொட்டை மாடியில் ஏர்போர்ட் நடத்தினார்கள். சாக்பீஸில் சரிவு ஓடுதளம். பக்கத்து வீட்டுக்காரர் பட்டுக்கூடு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசை இரவல் கொடுத்திருந்தார். மலையில் விமானம் ஏறுவதற்கு முன் பெட்டியோடு ஆளையும் நிறுப்பார்கள் என்று இவர் சொல்லிவைத்ததன் விளைவு. உயரத்தில் காற்று மெல்லிசு. இறக்கைக்கும் இன்ஜினுக்கும் பலம் குறையும். அதனால் புல் ஓடுதளத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

மகள் பைலட். முதல் பெயர் பெட்டி கிரீன்தான் என்று அடம்பிடித்தாள், 1946-இல் இவர் சேரப்போகும் ஃபெல்லோஷிப்பின் முதல் விமானத்தை மெக்சிகோவுக்கு ஓட்டிப் போனவர். மகன் நோட்டில் எழுதினான். நான் 61. இவர் 74. மிளகாய்த்தூள் டப்பா, தனி. அம்மாவையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

38.400.

“ஆத்தா லக்கேஜ் மாதிரி” என்று மகன் கத்தினான். அம்மாவும் சிரித்தாள். சர்க்கரைக்கு மாத்திரை எழுதும் நோட்டைப் போய்ப் பார்த்தேன். போன ஏப்ரலில் 46.

“தவக்காலம் கண்ணு. ஒருசந்தி.”

சாம்பல் புதன் போய் நான்கு நாள்தான் ஆகிறது.

சாயங்காலம் உண்மையான பெட்டிகளை நிறுத்தோம். ஒன்றில் 23 கிலோவுக்கு மேல் கூடாது. பிரஷர் குக்கரை எடுத்துவிட்டு இட்லித் தட்டை வைத்தேன். பிறகு குக்கரை வைத்துவிட்டு இட்லித் தட்டை எடுத்தேன்.

மார்ச் 14

தையல்காரர் அம்மாவின் ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். சீட்டில் நவம்பர் தேதி.

மார்ச் 19

பெர்மிட் வந்துவிட்டது. மதியம் மெயில். எந்த வாரம் கிளம்ப முடியும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்கள். ஹேங்கரில் ஆள் குறைவாம். பிள்ளைகள் தெருவரைக்கும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். இவர் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் அம்மாவைக் காமகெரே ஹோலி கிராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன்.

“சரி. தேதி என்ன எழுத?”

ரிப்போர்ட் எப்போது தருவார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். காலண்டரைத் திரும்ப மாட்டினார். அம்மா இதையெல்லாம் அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், காலையில் எதையாவது வாயில் போட்டுவிடாதே என்று சொல்லிவைத்தேன்.

“ஒருசந்திதானே கண்ணு” என்கிறாள்.