பனிக்கு அடியில் ஒரு பெட்டி விஸ்கி

லீத், எடின்பரோ



ஊரிலிருந்து வரும் விசாரிப்புகளில் அவ்வப்போது ஒரு கேள்வி தலைகாட்டும். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய ஸ்காட்ச் வருடக்கணக்காகக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது, இனி குடிக்கலாமா? ஸ்காட்லாந்தில் இருப்பவனுக்குத் தெரியாமலா போகும் என்ற நம்பிக்கை. மூடி திறக்காதது என்றால் தாராளமாகக் குடிக்கலாம்.

சாட்சி வேண்டுமா? 1907இல் தென்துருவத்தை நோக்கிக் கிளம்பிய எர்னஸ்ட் ஷாக்கிள்டன், மெக்கின்லே விஸ்கியைப் பெட்டி பெட்டியாக ஏற்றிப்போனார். அதில் சில, அண்டார்க்டிகாவின் கேப் ராய்ட்ஸில் அவர் போட்ட குடிலின் தரைக்கடியிலேயே தங்கிவிட்டன. 2010இல் ஒரு பெட்டியைப் பனியோடு பெயர்த்து, நியூசிலாந்துக்குக் கொண்டுவந்து மெல்ல உருக்கினார்கள். மறு ஆண்டு மூன்று புட்டிகள் ஸ்காட்லாந்துக்குப் பறந்து வந்தன. ரிச்சர்ட் பேட்டர்சன் என்ற கலவை வல்லுநரின் குழு, கார்க்கில் ஊசியைச் செருகி மாதிரி எடுத்துச் சோதித்தது. நூறு வருடம் கழித்தும் ஆல்கஹால் சுமார் 47 சதவீதம், விஸ்கியில் பழுதில்லை. பிறகு புட்டிகளை அண்டார்க்டிகாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படி மனசு வந்ததோ!

இவ்வளவு ஆல்கஹாலில் எந்தக் கிருமியும் வளராது. அதற்காக, வைத்திருந்தால் உசத்தியாகும் என்று பூட்டி வைக்காதீர்கள். விஸ்கி முதிர்வது ஓக் பீப்பாயில்தான். 12 வருட விஸ்கியை இருபது வருடம் பூட்டி வைத்தாலும் அது 12 வருட விஸ்கியே. வெயிலும், திறந்தபின் உள்ளே புகும் காற்றும்தான் அதன் மணத்தைத் தின்பவை. புட்டியைப் படுக்க வைத்தால் கார்க்கும் இற்றுப்போகும்.

உண்மையில் கெடுவது, யாரும் சந்தேகப்படாத பக்கத்துப் புட்டிகள். இங்கே பல வீடுகளில் ஒரு கிறிஸ்துமஸுக்குத் திறந்த வெர்மூத் அடுத்த கிறிஸ்துமஸில்தான் மறுபடி வெளியே வரும். அது மூலிகை ஊறிய ஒயின். ஃபிரிட்ஜில் வைத்தாலே ஓரிரு மாதம்தான் ருசி நிற்கும். ஜின்னும் வெர்மூத்தும் கலந்த மார்ட்டினி சப்பென்றிருந்தால் திட்டு விழுவது ஜின்னுக்கு! காலையில் இறக்கிய கள் மாலையில் புளித்துவிடும் என்று தெரிந்த நம்மவர்களும் இங்கே வந்தால் இதையே செய்கிறார்கள். பெய்லிஸ் போன்ற பாலேடு கலந்த மதுவுக்குப் புட்டியில் அடைத்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் உத்தரவாதம். பீருக்கு வெளிச்சமே ஆகாது. ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் வெயில் பட்டுச் சிதைந்து நாற்றம் கிளப்பும். பழுப்புப் புட்டி அதற்குத்தான். ஜின்னோடு கலக்கும் டானிக் வாட்டரைச் சின்னப் புட்டியாக வாங்குங்கள், திறந்த மறுநாள் கேஸ் இருக்காது.

எலுமிச்சைச் சாறும் கெடக்கூடியதுதான்; அதைக் காத்த கதை எங்கள் லீத் துறைமுகத்தைச் சேர்ந்தது. ஸ்கர்வி நோய் வராதிருக்க மாலுமிகளுக்குக் கொடுத்த சாறு கெடாமலிருக்க ரம்மைக் கலப்பது வழக்கம். 1867இல் லாக்லன் ரோஸ் என்ற லீத் வியாபாரி, ஆல்கஹால் இல்லாமல் சர்க்கரையைக் கொண்டே சாற்றைக் காக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் கப்பல்களில் சாறு கட்டாயம் என்ற சட்டமும் அதே வருடம் வந்தது. வியாபாரம் கேட்கவா வேண்டும்! ரம்மை விலக்கிய அந்தச் சாறு பிற்பாடு ஜின்னோடு கூடி கிம்லெட் என்ற காக்டெயில் ஆனது வேறு கதை. சர்க்கரை காக்கும் என்றாலும் திறந்த கார்டியலை, அதாவது அந்தச் சர்க்கரைச் சாற்றை, நான் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். கோடையை நம்ப முடியாது. ஸ்காட்லாந்துக் கோடையா என்று சிரிக்காதீர்கள்.