சாலையில் நின்றவர்கள்

கோத்தகிரியிலிருந்து வரும் சாலை ஊட்டிக்கும் குன்னூருக்கும் பிரியும் இடம் கட்டபெட்டு. பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, டீக்கடை பெஞ்சில் இருந்த மூதாட்டியின் பேச்சில் இலங்கை மலையகத்தின் சாயல் கேட்டது. எந்த ஊர் என்றேன்.

"மாத்தளைப் பக்கம், தம்பி. எழுபத்தேழு கலவரத்துல எங்க லயத்து வீடுகளுக்கு நெருப்பு வெச்சாங்க. பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு விடிய விடிய தேயிலைக்குள்ள கெடந்தோம்."

"போலீஸ் வரலையாம்மா?"

"வந்துச்சு. ரோட்டுலயே நின்னுச்சு."

1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவின் பங்காக எழுதியது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தரவே உருவானவை. ஆனால் கப்பலேறிய எல்லோரையும் ஒப்பந்தம் மட்டும் அனுப்பவில்லை, பயமும் அனுப்பியது.

1977 ஆகஸ்டில் தமிழர் மீது நடந்த வன்முறையை சன்சோனி ஆணைக்குழு விசாரித்தது. அதன்பின் வந்தது தண்டனை அல்ல, 1982இன் பொறுப்புவிலக்குச் சட்டம். அந்த ஆகஸ்டில் சட்டம் ஒழுங்கைக் காக்க 'நல்லெண்ணத்தோடு' செயல்பட்ட அதிகாரிகள் மீது வழக்கு இல்லை என்றது. 1988இல் அதன் காலவரம்பை நீட்டியபோது, 1983 ஜூலையும் அதற்குள் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டதும் யாழ்ப்பாணத்தில் இராணுவம் பொதுமக்களைச் சுட்ட ஜூலை அது. வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட ஜூலை.

தண்டனையே கிடைத்ததில்லையா? அபூர்வமாகக் கிடைத்தது. 2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில், தங்கள் வீடுகளைப் பார்க்கப் போன தமிழர் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவரை மன்னித்து விடுவித்தார். ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கை ஒரு கையெழுத்து முடித்தது.

1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கொன்றதற்கும் இதே கணக்கைத்தான் கேட்கவேண்டும். நம்மவர் செய்ததை மறைத்தால், பிறரிடம் நீதி கேட்கும் வாய் நமக்கு இல்லை.

சீருடைக்கு விலக்கு என்று எழுதிய நாடு அடுத்த கொலைக்கு முன்கூட்டியே அனுமதி கொடுக்கிறது. 1977ஐக் கண்ணால் கண்டவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் இருக்கும் இளைஞர்களே, உங்கள் லயத்துப் பாட்டி தாத்தாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். நாள், தோட்டம், நடந்தது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.