ஃபோகஸ் யார் கையில்

ஆட்டோ ஃபோகஸ் இருக்கும்போது எதற்கு வளையத்தைத் திருகிக்கிட்டு நிக்கிற என்று தோழர்கள் கேட்கிறார்கள். 1985இல் மினோல்டா 7000 வந்த காலந்தொட்டுக் கேட்கப்படும் கேள்விதான். யாரைத் தெளிவாகக் காட்டுவது, யாரை மங்கலாக விடுவது என்று முடிவு செய்வது யார்? எனக்கு இதுதான் கேள்வி.

மண்டைக்காட்டில் மாசிக் கொடை பத்து நாள். 'பெண்களின் சபரிமலை' என்று இருமுடி கட்டி வரும் கூட்டம், பொங்கல் அடுப்பு, கடைத்தெரு. கூட்டம் வடிந்தபின், விடியுமுன்னே, எச்சில் இலையும் சாம்பலும் அள்ள வருவது நம் சனங்கள். அந்த அரையிருட்டில் ஆட்டோவைப் போட்டுப் பாருங்கள். லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கடைசியில் சீரியல் பல்புத் தோரணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பைத் தேடுவதுதான் அதன் வேலை. இருட்டில் குனிந்திருக்கும் கறுத்த முகத்தில் அதற்கு விளிம்பு கிடைப்பதில்லை.

இப்போதைய கேமரா கண்ணையே கண்டுபிடிக்குமே என்பார்கள். கண்டுபிடிக்கும்தான். எவர் முகங்களைக் காட்டி அதைப் பழக்கினார்கள்? 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கறுத்த பெண்களிடம் 34.7 வரை போனது. அது ஃபோகஸ் மென்பொருள் அல்ல. ஆனாலும் என் சந்தேகம் போகவில்லை.

அதற்காக ஆட்டோவைத் தீண்டத்தகாததாக ஒதுக்கவில்லை. ஊர்வலத்தில் தடியடி என்றால் அதுதான் கை கொடுக்கும். அல்லது 35 எம்.எம். லென்ஸில் துளையை எஃப் 8 வைத்து, பத்தடியில் ஃபோகஸை நிறுத்திவிட்டால் ஏழடி முதல் இருபதடி வரை எல்லாம் தெளிவாய் விழும். அங்கே போலீஸுக்கும் முகம் தெரிந்துவிடும் என்பதால், வேண்டாமென்று சொன்ன தோழர்களை நானே வளையத்தைத் திருப்பி மங்கலாக்கியிருக்கிறேன்.

மனுவுக்கு எடுக்கும் படம் வேறு. கையுறை தரவில்லை, பேசிய கூலி வரவில்லை என்று எழுதினால், 'இவங்க எங்க ஆளே இல்ல' என்கிறார் ஒப்பந்தக்காரர். வருகைப் பதிவேடு அவர் கையில். நம்மிடம் இருப்பது படம் மட்டும். அதில் முகம் மங்கினால் வேலை பார்த்ததே பொய்யாகிவிடும்.

"போன வருசம் ஒருத்தன் எடுத்தாம் மக்கா. வாரியலு நல்லா தெரிஞ்சுது. எம் மொகத்தக் காணல" என்றார் அங்கே கூட்டிக்கொண்டிருந்த அம்மா.

மேனுவலுக்கு மாற்றினேன். திரையில் அவர் கண்ணோரச் சுருக்கத்தைப் பெரிதாக்கி வைத்து, வளையத்தை மெல்லத் திருகினேன். நேரம் பிடிக்கத்தான் செய்தது. அவர் நிமிர்ந்து, முந்தானையைச் சரிசெய்து, கேமராவையே பார்த்தார். படத்தைக் காட்டினேன்.

"பல்லு தெரியுது. இன்னொண்ணு எடு."

சூப்பர்வைசர் வருவதற்குள் இன்னும் மூன்று எடுத்தோம். அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்ததை மனுவோடு இணைத்திருக்கிறோம்.