காற்றைத் தாங்கும் இரும்பு

"அத்தை, தாத்தா வண்டிய எனக்குக் குடுப்பீங்களா?"

சென்ற ஆண்டு மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அண்ணன் மகன் இப்படிக் கேட்டபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது, 2001-இல் அப்பா வாங்கிய மாருதி எஸ்டீம். 2019-இல் அப்பா மறைந்த பிறகு எங்கள் நெல்லித்தோப்பு வீட்டின் தகரக் கொட்டகையில் நிற்கிறது. வாரம் ஒருமுறை அதைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன். பதிவைக்கூடத் தவறாமல் புதுப்பித்திருக்கிறேன். எங்கும் போகாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை.

அவன் அதை ஓட்டுவதற்காகக் கேட்கவில்லை. அதன் எஞ்சினுக்கு டர்போ பொருத்த வேண்டுமாம். எந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் 'பேஸ் எஞ்சின்' என்று எழுதி இருமுறை அடிக்கோடு இட்டிருந்தான்.

தமிழ் படித்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உள்ளபடியே எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பொறுமையாக விளக்கினான். எஞ்சின் புகையாக வெளியே தள்ளும் வாயுவில் வெப்பமும் விசையும் மிச்சமிருக்கின்றன. அந்த வாயுவைக்கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றினால், அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் செலுத்தும். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலுமாம் அது. காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம், வலிமையும் கூடும். 1905-இலேயே ஆல்ஃபிரட் பூகி என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

"அப்படியானால் எந்த எஞ்சினிலும் மாட்டிவிடலாமே?"

"மாட்டலாம் அத்தை. எத்தனை நாள் தாங்கும்னுதான் பாக்கணும்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. நன்னூல் நடத்தும்போது பகுபதத்தைப் பிரித்துக் காட்டுவேன்: பகுதி, இடைநிலை, விகுதி. எத்தனை உறுப்புகள் வந்து சேர்ந்தாலும் சொல்லைச் சுமப்பது பகுதிதான். இவனுடைய பேஸ் எஞ்சினுக்குப் 'பகுதி' என்றே பெயர் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு அவன் சொன்னவை ஓரளவு விளங்கலாயின.

நோட்டில் நான்கு பகுதிகள் இருந்தன. முதலாவது, மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சின், 796 சி.சி., ஏறத்தாழ 37 குதிரைத்திறன். மிகச் சிறியது. ஆனால் கோவையின் கரிவரதன் 1980-களின் இறுதியில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தபோது தேர்ந்துகொண்டது மாருதி எஞ்சினைத்தான். எந்த ஊரிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் பிரிப்பார். இதன் உறவுக்கார எஞ்சின் ஒன்றுக்கு, வெறும் 543 சி.சி., சுஸுகி நிறுவனமே 1987-இல் டர்போ பொருத்தி ஜப்பானில் 64 குதிரைத்திறனுக்கு விற்றிருக்கிறது. இரண்டாவது, ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் விடெக். தானாகவே நூறு குதிரைத்திறனைத் தாண்டும். ஆனால் சிலிண்டர்களின் மேல்விளிம்புக்கு வெளிச்சுவரோடு பிணைப்பில்லாத அலுமினிய வார்ப்பு அது, அழுத்தம் கூடினால் அசையும் என்றான். மூன்றாவது, கான்டெஸாவிலும் அம்பாசடரிலும் வந்த இசுஸு 1.8. கனத்த வார்ப்பிரும்பு, வலுவுக்குக் குறையில்லை, உதிரிபாகத்திற்குத்தான் அலைய வேண்டும்.

நான்காவது, அப்பாவுடைய வண்டி. 1298 சி.சி., பதினாறு வால்வு, 85 குதிரைத்திறன்.

எண்களைப் பார்த்தால் சிட்டியை அல்லவா எடுக்க வேண்டும் என்றேன். இயல்பில் எவ்வளவு தருகிறது என்பது பெரிதில்லையாம். பிஸ்டனும் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடும் கிராங்கும் எவ்வளவு பொறுக்கும் என்பதுதான் கேள்வியாம். காற்றை அமுக்கும்போது அது சூடேறுகிறது. சூடு மிஞ்சினால் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் சிலிண்டருக்குள் வெடித்துத் தட்டும். அந்தத் தட்டலில் பிஸ்டன் உடையலாம், ராடு வளையலாம். வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறேன். இங்கே ஏற்றுவது மயிலிறகுகூட இல்லை, காற்று.

அவன் சொன்ன ஒரு கதையைப் புதுச்சேரிக்காரியாக நான் மிகவும் ரசித்தேன். பிரான்சின் ரெனோ நிறுவனம் 1980-இல் 'ரெனோ 5 டர்போ' என்ற காரை வெளியிட்டது. அதற்கு அவர்கள் புதிய எஞ்சின் எதையும் வார்க்கவில்லை. 1962 முதல் சாதாரண வீட்டுக் கார்களில் ஓடிக்கொண்டிருந்த பழைய எஞ்சின் குடும்பத்திலிருந்து 1397 சி.சி. எஞ்சின் ஒன்றை எடுத்தார்கள். அந்தக் குடும்பத்தின் பெயரே 'கிளியோன் ஃபோந்த்'. கிளியோன் தொழிற்சாலையின் ஊர், ஃபோந்த் என்றால் பிரெஞ்சில் வார்ப்பிரும்பு. பந்தய விதிப்படி டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 1956 வருகிறது, இரண்டு லிட்டர் பிரிவுக்குள் அடங்கிவிடுகிறது. கிழட்டு இரும்பு 160 குதிரைத்திறன் கொடுத்தது. 1981-இல் மோன்டே கார்லோ பந்தயத்தை ழான் ரக்னோத்தி அந்தக் காரில் வென்றார்.

இவ்வளவும் கேட்டபின் மறுக்க மனம் வரவில்லை. இருந்தாலும் சாலையைப் பற்றிக் கேட்டேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அவ்வாண்டின் சட்டத் திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. தொழிற்சாலையிலேயே டர்போவோடு வரும் கார்கள் இன்று கடையில் கிடைக்கின்றன. நாமே செய்துகொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போக முடியாது. அவன் முகம் வாடிற்று. "இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல மட்டும் ஓட்டறேன் அத்தை" என்றான், நெடுநேரம் கழித்து.

அடுத்த ஞாயிறு வில்லியனூர் சாலையிலுள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். எந்த எஞ்சினையும் பகுதியாகக் கொள்ளுமுன் அதன் அமுக்கத்தைச் சோதிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளையில் மானியை வைத்து, செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முதல் சிலிண்டர் 180 பி.எஸ்.ஐ., அடுத்தது 178, மூன்றாவது 182. நான்காவதில் முள் 145-இல் நின்றது.

மெக்கானிக் அண்ணன் அந்தத் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார். 170-க்கு ஏறியது.

"ரிங் போயிருக்கு டீச்சர். ஓட்டாம, சும்மா நிக்க வெச்சே ஸ்டார்ட் பண்ணிட்டு இருந்தீங்களா?"

ஆமென்றேன். எஞ்சின் முழுச் சூடேறுமுன் அணைத்துக்கொண்டே இருந்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். ரிங்கும் தேயும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும் என்றார். வேறு காரணமும் இருக்கலாம் என்று ஆறுதலுக்கும் சொன்னார். ஆறு ஆண்டுகளாகப் பேணுகிறேன் என்று நினைத்து நான் செய்துவந்தது அதைத்தான்.

அந்த நேரத்தில் என் மனத்தில் முதலில் எழுந்தது வருத்தமன்று என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நிம்மதி. இந்த எஞ்சின் டர்போவுக்கு ஆகாது. வண்டி அப்பாவுடையதாகவே இருக்கும். பையன் மானியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்தபின்தான் வெட்கம் வந்தது.

எஞ்சினை இறக்கினோம். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் அந்தப் பட்டறையிலேயே கிடந்தான். சிலிண்டரின் தேய்மானம் அளவுக்குள்தான் இருந்தது. புது ரிங் செட், பேரிங், கேஸ்கட்டோடு முடிந்தது. டர்போ இல்லை, தொழிற்சாலையில் இருந்தபடியே. மீண்டும் சோதித்தபோது 192, 190, 193, 191. அந்த நான்கு எண்களைத் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

இப்போது வண்டி கொட்டகையில் நிற்பதில்லை. வாரம் இருமுறை அவன் வந்து, என்னை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் சாலையில் நாற்பது கிலோமீட்டராவது ஓட்டுகிறான். ட்ராக்குக்கென்று காயலான் கடையில் வேறொரு எஸ்டீம் எஞ்சின் பார்த்து வைத்திருக்கிறானாம். அதன் அமுக்கம் எவ்வளவு என்று நான்தான் முதலில் கேட்டேன்.